பெங்களூரா, பாஸ்டனா, ஹைடல்பெர்க்கா? உயிர்மருத்துவ ஆராய்ச்சியில் பிஎச்.டி. சேரும் முன்

அண்ணன் மகள் கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருடம் படிக்கிறாள். தேசிய அளவிலான நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகையும் வாங்கிவிட்டாள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறது. பாஸ்டனில் ஒரு பல்கலைக்கழகம் இடம் தந்துவிட்டது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஒரு லேபோடு வீடியோவில் பேசி முடித்து, "வரலாம்" என்று மெயிலும் வந்திருக்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "அத்தை, நான் எங்க போகட்டும்?" என்று கேட்டாள்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அண்ணன் டாலரை ரூபாயால் பெருக்கிப் பார்க்கிறார். பெங்களூர் என்றால் ராத்திரி ரயிலில் வந்துவிடலாமே என்கிறார் அண்ணி. அவளுடைய பேராசிரியருக்கு ஜெர்மனி என்றால் மறுபேச்சே கிடையாது. நான் இதே துறையில் இங்கே பிஎச்.டி. முடித்து, வெளிநாட்டில் போஸ்ட்டாக் என்ற பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பயிற்சியும் செய்துவிட்டு, இப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவர்களோடு லேபில் இருக்கிறவள். அவளிடம் போனில் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். அவள் நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

எல்லோரும் முதலில் உதவித்தொகையை ஒப்பிடுகிறார்கள், அடுத்து நிறுவனத்தின் பெயரை. நான் முதலில் கேட்பது வேறு. மாதாமாதம் உன் செலவுக்கான பணம் யார் கையிலிருந்து வருகிறது? தீசிஸ் போதும், எழுதலாம் என்று சொல்கிறவர் யார்? இரண்டும் ஒரே ஆளா? அந்த ஆளோடு ஒத்துப்போகவில்லை என்றால் போய்த் தட்ட இன்னொரு கதவு இருக்கிறதா? உயிர்மருத்துவத்தில் பிஎச்.டி. என்றால் நாலு வருடத்துக்குக் குறையாது, ஆறு ஆனாலும் ஆச்சரியமில்லை. செல் வளர்வதற்கும் எலி வளர்வதற்கும் நோயாளிகள் சம்மதித்து ரத்தம் கொடுப்பதற்கும் அவற்றுக்கு உரிய நேரம் வேண்டும். அத்தனை வருடமும் ஒரே மனிதரின் நல்ல மனதை நம்பி ஒருத்தி நிற்க வேண்டியிருந்தால், அந்த இடத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எனக்குப் பயம்தான்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், எனக்கு நடந்தது அப்படி. நான் சேர்ந்த இடத்தில் இரண்டாம் வருடம் முடியும்போது என் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, வேறு ஊரில் பெரிய பதவிக்குப் போய்விட்டார். லேபில் நாங்கள் நாலு பேர். புராஜெக்ட் பணத்தில் சம்பளம் வாங்கிய இரண்டு பேருக்கு, புராஜெக்ட் முடிந்த மாதத்தோடு எல்லாம் முடிந்தது. எனக்கு ஜே.ஆர்.எஃப். இருந்தது. பக்கத்து டிபார்ட்மெண்ட் மேடம், "ஃபெலோஷிப் உன்னோட வருதா? அப்ப வா" என்றார். தடையில்லாச் சான்றுக்கு நாலு மாதம் அலைந்தேன். தலைப்பு மாறியது. ஒன்றரை வருட வேலை மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலேயே தங்கிவிட்டது. ஆனாலும் பட்டம் வாங்கினேன். வெளியே போன இரண்டு பேரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பெங்களூர்

ஜே.ஆர்.எஃப்.பை மாதம் 37,000 ரூபாய் என்று மட்டும் பார்க்கக் கூடாது. முதல் இரண்டு வருடம் 37,000, பிறகு எஸ்.ஆர்.எஃப். என்ற மூத்த நிலைக்கு உயர்ந்து 42,000, கூடவே ஊருக்குத் தகுந்த வீட்டு வாடகைப்படி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. அதற்கு முன்பு 31,000 ஆக இருந்தது. அதையும் ஆராய்ச்சி மாணவர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகுதான் 2019இல் உயர்த்தினார்கள். இதில் பெரிய விஷயம், அந்தப் பணம் உன் பெயரில் வருகிறது என்பது. கைடு மாறினாலும் நிறுவனம் மாறினாலும், சான்றுகள் சரியாக இருந்தால் கூடவே வரும். பயோடெக்னாலஜி துறையின் பெட் தேர்வில் முதல் பிரிவில் தேறியவர்களும் விருப்பப்பட்ட நிறுவனத்தில் சேரலாம். இரண்டாம் பிரிவு என்றால் அந்தத் துறை பணம் தரும் புராஜெக்ட்டில்தான் சேர முடியும். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிற மாணவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 70,000இல் தொடங்கி 80,000 வரை போகும்.

பணம் மாதாமாதம் ஒழுங்காக வருமா என்றால், வராது. மூன்று நாலு மாதம் ஒன்றும் வராமல் இருந்துவிட்டு மொத்தமாக வரும். ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு போ என்று அவளிடம் சொன்னேன். அது கைவசம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தாமதமே பெரிய தடை என்பதை இந்த முறையை நடத்துகிறவர்கள் உணர வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடமும், மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. தீசிஸ் கொடுக்கும் முன் பேப்பர் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பல நிறுவனங்கள் தங்கள் அளவில் இன்னும் எதிர்பார்க்கின்றன, அது தனிக் கதை. கோர்ஸ் வொர்க் எல்லா இடத்திலும் இருக்கிறது. தரம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. மாணவரின் வேலையை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டியும் (டி.சி.) அப்படித்தான். நல்ல நிறுவனங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து டேட்டாவைக் குடைந்து எடுப்பார்கள். மற்ற இடங்களில் டி.சி. மீட்டிங் என்பது டீயும் பிஸ்கட்டும் கையெழுத்தும். சேரும் முன்பே சீனியர் மாணவர்களிடம், "கடைசி டி.சி. மீட்டிங்ல என்ன கேட்டாங்க?" என்று கேட்டுப் பார். பதில் சொல்ல அவர்கள் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதிலேயே தெரிந்துவிடும்.

இந்தியாவில் பிஎச்.டி. என்றால் வேறு வழியில்லாதவர்கள் செய்வது என்று ஒரு நினைப்பு எங்கள் ஊர் காலேஜ்களில் இருக்கிறது. அது தப்பு என்று உரக்கச் சொல்வேன். உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்குக் கேள்வி பிறப்பது நோயாளியிடம். அந்த விஷயத்தில் சென்னை எந்த ஊருக்கும் சளைத்ததல்ல என்பது மட்டுமல்ல, சென்னையிடம் மற்ற ஊர்கள் பாடம் படித்திருக்கின்றன. சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. காசநோய் வந்தால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் கொண்டுபோய் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று உலகமே நம்பிய காலம். இங்கே நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிப் பேருக்கு வீட்டிலும் மறு பாதிப் பேருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இடநெருக்கடியும் வறுமையும் உள்ள வீடுகளில் இருந்து சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு, உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வருவதற்கு வழி செய்தது. இன்றும் உலகின் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். காசநோயைப் படிக்க வேண்டும் என்பவள் பாஸ்டனுக்குப் போனால், உறையவைத்து அனுப்பப்பட்ட மாதிரிகளைத்தான் பார்ப்பாள்.

ஆராய்ச்சி மாணவர் என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது செல்லப்பன் நிர்மலா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர். தீசிஸுக்குத் தலைப்பு தேவைப்பட்டபோது, அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் இங்கே வந்துவிட்டதா என்று பார்க்கலாமே என்றார். இந்தியாவில் அந்த நோய் இருப்பதாக அப்போது யாரும் சொல்லவில்லை; வராது என்று நம்பியவர்கள்தான் அதிகம். நிர்மலா பாலியல் தொழில் செய்யும் பெண்களைத் தேடிப் போய்ப் பேசி ரத்தம் எடுத்தார். மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ரயிலேறி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போனார். அங்கே ஜேக்கப் ஜானின் லேபில் பார்த்தபோது ஆறு மாதிரிகள், தொற்று இருப்பதற்கு அடையாளமாக, மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது இப்படி, ஒரு மாணவியின் தீசிஸ் வேலையில். அவருக்குப் பெரிய கருவி இல்லை, பெரிய பணம் இல்லை. சரியான கேள்வியைக் கையில் கொடுத்த கைடு ஒருவரும், மூன்று மணி நேர ரயில் தூரத்தில் கதவைத் திறந்துவைத்த இன்னொரு லேபும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1987இல் தீசிஸைக் கொடுத்து, தேர்வு எழுதி, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசித் தயாரிப்பு வேலைக்குப் போய்விட்டார். அவசியமான, மதிப்பான வேலைதான். ஆனால் அப்படி ஒரு கண்டுபிடிப்பைத் தொட்ட மாணவியை அடுத்த பத்து வருடம் அதே கேள்வியில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு நம்மிடம் இருந்ததா? மாணவரை உருவாக்குவதில் நமக்குள்ள குறை அங்கேதான் என்று நினைக்கிறேன். தீசிஸ் வரை கொண்டுவருகிறோம். அதற்கப்புறம் பாதையைக் காட்டுவதில்லை.

வேலூரில் இப்போது நடக்கும் வேலையும் சின்னதல்ல. அங்குள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் பங்கெடுத்த, ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கான மரபணுச் சிகிச்சையை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த செய்தி 2024இல் வந்தது. ரோட்டா வைரஸ் தடுப்பூசி ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ககன்தீப் காங், 2019இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி, பல ஆண்டுகள் வேலை செய்ததும் வேலூரில்தான்.

குறை என்றால் முதலில் பொருள் வாங்குவது. சோதனைக்கு வேண்டிய ஓர் ஆன்டிபாடி வெளிநாட்டிலிருந்து உலர் பனியில் வந்து சேர ஆறு வாரம், சில சமயம் மூன்று மாதம். பாஸ்டனில் மறுநாள் காலை மேசைக்கு வந்துவிடும். 2025இல் கொள்முதல் விதிகளைத் தளர்த்தி, கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ஆக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் மூச்சு விடலாம். காத்திருக்கும் நாளில் என்ன செய்யலாம் என்று முன்கூட்டியே திட்டமிடப் பழகிய நம்மூர் மாணவர்கள் வெளிநாட்டு லேபில் நன்றாகவே தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதற்காக மூன்று மாதத் தாமதத்தைப் புகழ மாட்டேன்.

பாஸ்டன்

அமெரிக்க முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ரொட்டேஷன். உயிர்மருத்துவத் திட்டங்களில் சேர்ந்ததும் ஒரு கைடிடம் ஒப்படைத்துவிட மாட்டார்கள். முதல் வருடம் பொதுவாக மூன்று லேபுகளில், ஒவ்வொன்றிலும் எட்டு பத்து வாரம் வேலை செய்யலாம். அந்த வருட உதவித்தொகையைத் திட்டமே கொடுக்கும். அப்புறம் நீயும் அந்தப் பேராசிரியரும் பேசி முடிவுசெய்வீர்கள். பெண் பார்க்கும் படலத்தில் அரை மணி நேரம் பேசி முடிவெடுப்பதற்கும், பத்து வாரம் கூடவே வேலை செய்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. திங்கட்கிழமை லேப் மீட்டிங்கில் அவர் யாரைத் திட்டுகிறார், எதற்குத் திட்டுகிறார், தப்பான டேட்டா வந்தால் முகம் எப்படிப் போகிறது, எல்லாம் தெரிந்துவிடும். நம்மூரிலும் பெங்களூரின் சில ஒருங்கிணைந்த பிஎச்.டி. திட்டங்களில் ரொட்டேஷன் உண்டு. நேர்முகத் தேர்வில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள் என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் வருட வாக்கில் தகுதித் தேர்வு. நாலைந்து பேர் கொண்ட தீசிஸ் கமிட்டி முன்னால் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி, நின்று வாதாட வேண்டும். கடுமையானது. ஆனால் ஒரு கேள்வியைத் தானே உருவாக்கும் பயிற்சி அங்கேதான் கிடைக்கிறது. நம்மிடம் படித்தவர்களில் நிறையப் பேர், நான் உட்பட, அதைப் போஸ்ட்டாக் காலத்தில்தான் கற்றுக்கொண்டோம்.

இனி பணம். கல்விக் கட்டணம் தள்ளுபடி, மருத்துவக் காப்பீடு, உதவித்தொகை. பெரிய பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 40,000 டாலரைச் சுற்றி வருகிறது. அண்ணன் அதை ரூபாயாக்கிப் பார்த்து மயங்குகிறார். பாஸ்டனில் பகிர்ந்துகொண்ட வீட்டில் ஓர் அறைக்கே மாதம் 1,200, 1,500 டாலர் போய்விடும் என்று சொன்னதும் கணக்கு இறங்கிவிட்டது. கையில் மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால், பெங்களூர் ஜே.ஆர்.எஃப்.க்கும் இதற்கும் வாழ்க்கைத் தரத்தில் அவர் நினைக்கும் அளவு இடைவெளி இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்வதில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். மாணவர் பயிற்சிக்கென்றே பல்கலைக்கழகங்களுக்கு டி32 என்ற நிதி தருகிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஏற்பாடு. நெறிமுறை, புள்ளியியல், வேலைவாய்ப்புப் பயிற்சி எல்லாம் சேர்ந்த நல்ல நிதி. ஆனால் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ள மாணவர்களுக்குத்தான் அது. மாணவர்கள் தனியாக விண்ணப்பிக்கும் எஃப்31 உதவித்தொகையும் பெரும்பாலும் அப்படியே. அப்படியென்றால் நம் பிள்ளைக்கு முதல் வருடத்துக்குப் பிறகு யார் பணம் தருவது? கைடின் ஆராய்ச்சி நிதி. அது புதுப்பிக்கப்படாவிட்டால்? நான் கேட்ட அதே கேள்வி அட்லாண்டிக் தாண்டியும் வந்து நிற்கிறது. வகுப்புக்கு உதவும் வேலை கொடுத்தோ, திட்டத்தின் பணத்திலோ சமாளிக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. "கைடிடம் நிதி தீர்ந்தால் ஐந்தாம் வருடம் வரை பல்கலைக்கழகம் பொறுப்பேற்குமா?" என்று கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும்.

2025இல் நடந்ததைப் பார்த்த பிறகு இதைக் கேட்காமல் போகவே கூடாது. என்.ஐ.எச். நிதியில் வெட்டு வரும் என்ற நிலையில் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன. பாஸ்டனுக்குப் பக்கத்திலேயே வூஸ்டரில் இருக்கும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி, இடம் தந்த மாணவர்களுக்கே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கடிதம் அனுப்பியது. அதே வருடம் செப்டம்பரில் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற மாணவர் வேலை அனுமதியில் ஒரு வருடமும், அறிவியல் பட்டம் என்பதால் மேலும் இரண்டு வருடமும் வேலை செய்யலாம் என்ற விதியை நம்பித்தான் பலரும் போகிறார்கள். ஆறு வருடம் கழித்து அந்த விதி எப்படி இருக்கும் என்று இன்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. திரும்பிப் போக விசா முத்திரை கிடைக்காதோ என்று பயந்து நாலு வருடம் ஊருக்கே வராத பிள்ளைகளை எனக்குத் தெரியும். பாட்டி இறந்தபோதுகூட வர முடியாமல் வீடியோவில் பார்த்து அழுதாள் ஒருத்தி. இதுவும் கணக்கில் சேர வேண்டும்.

ஹைடல்பெர்க்

ஜெர்மனியில் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் ஊழியர். வேலை ஒப்பந்தம், வருடத்துக்கு 30 நாள் விடுப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு, மகப்பேறுப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. ஈ13 என்ற சம்பளப் படியில், முழு வேலை என்று எழுதாமல் பாதி வேலை அல்லது 65 சதவீத வேலை என்று எழுதுவார்கள். உழைப்பு என்னவோ முழுசாகத்தான். 65 சதவீத ஒப்பந்தத்தில் வரி போகக் கைக்கு மாதம் சுமார் 2,000 யூரோ வரும். ஹைடல்பெர்க்கில் தாராளமாக இருக்கலாம். கல்விக் கட்டணம் கிடையாது.

மூன்றிலிருந்து நாலு வருடத்தில் முடிகிறது என்பது பெரிய ஈர்ப்பு. அதற்குக் காரணமும் உண்டு: பாடம், தகுதித் தேர்வு எல்லாம் எம்.எஸ்சி.யிலேயே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நாளே ஒரு குறிப்பிட்ட திட்டத்தில் உட்கார வேண்டும். எம்.எஸ்சி.யில் ஆறு மாதமாவது உண்மையான லேப் வேலை செய்தவளுக்கு அது வரம். துளித் திரவம் அளக்கும் பைபெட்டை இரண்டு பிராக்டிகலில் மட்டும் பிடித்தவளுக்கு முதல் வருடம் முழுக்கத் திணறல்.

கைடைக் குறிக்க ஜெர்மன் மொழியில் ஒரு பழைய சொல் இருக்கிறது. 'டாக்டர்-தந்தை' என்று பொருள். பழைய முறையில் அவர்தான் வேலை கொடுப்பவர், அவர்தான் வழிகாட்டி, தீசிஸுக்கு முதல் மதிப்பெண் போடுபவரும் அவரே. மூன்றும் ஒரே கை. நல்ல தந்தை அமைந்தால் சொர்க்கம். அமையாவிட்டால்? இந்தக் கவலையைப் போக்கத்தான் கட்டமைப்புள்ள திட்டங்கள் வந்தன. மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் 2000ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து சர்வதேச ஆராய்ச்சிப் பள்ளிகளை நடத்துகின்றன. ஹைடல்பெர்க்கிலேயே உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகமான எம்பிஎல், 1983இலிருந்து பிஎச்.டி. திட்டம் நடத்துகிறது. அதே ஊர் புற்றுநோய் ஆராய்ச்சி மையம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் பாப்பிலோமா வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்து 2008இல் நோபல் பெற்ற ஹரால்ட் ட்ஸூர் ஹவுசன் இருபது ஆண்டு தலைமை வகித்த இடம். அங்கும் மாணவர்களுக்குத் தனிப் பள்ளி இருக்கிறது. இவற்றில் கைடுக்கு வெளியே இரண்டு மூன்று பேர் கொண்ட ஆலோசனைக் குழு வருடந்தோறும் மாணவரைச் சந்திக்கிறது. பிரச்சினை வந்தால் போய்த் தட்ட ஒரு கதவு.

அவளுக்கு வந்த மெயில் எந்த வகை என்று கேட்டேன். நேராகப் பேராசிரியர் கொடுத்தது. எந்தப் பள்ளியிலும் சேர்த்ததாக இல்லை. "சேர்க்க முடியுமா என்று எழுதிக் கேள்" என்றேன். சேர்த்துக்கொண்டால் ஹைடல்பெர்க் ஒரு படி மேலே ஏறும். இல்லையென்றால் என் கணக்கில் அது மூன்றாவது.

முடித்த பிறகு வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி உண்டு. மருந்து நிறுவனங்களுக்குப் போக ஜெர்மன் மொழி வேண்டும்; லேபில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவதால் நாலு வருடமும் அது வராமலே போய்விடும், முதல் மாதத்திலேயே வகுப்பில் சேர வேண்டும். பல்கலைக்கழகத்திலேயே தொடரலாம் என்று நினைத்தால், பிஎச்.டி.க்குப் பின் தற்காலிக ஒப்பந்தங்களில் ஆறு வருடம், மருத்துவத் துறையில் ஒன்பது வருடம் என்று சட்டமே எல்லை போடுகிறது. அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் வெளியேற வேண்டியதுதான். 2021இல் அங்குள்ள இளம் ஆய்வாளர்கள் இதை எதிர்த்துச் சமூக வலைதளங்களில் பெரிய அளவில் குரல் கொடுத்தார்கள்.

பிஎச்.டி.க்குப் பிறகு

"முடிச்சிட்டுப் புரொஃபசர் ஆகிடலாம்ல?" என்று அண்ணன் கேட்டார். ஆகலாம். ஆனால் எல்லோரும் ஆக முடியாது, பெரும்பாலோர் ஆவதில்லை. 2012இல் ஷெர்லி டில்மன் தலைமையிலான என்.ஐ.எச். குழு அமெரிக்க நிலவரத்தைப் பார்த்தபோது, உயிர்மருத்துவத்தில் பிஎச்.டி. முடித்தவர்களில் நிரந்தரப் பேராசிரியர் தடத்தில் இருந்தவர்கள் நாலில் ஒரு பங்கு அளவுதான். மற்றவர்கள் மருந்து நிறுவனங்களில், அரசுத் துறைகளில், காப்புரிமையில், அறிவியல் எழுத்தில் இருந்தார்கள். ஆனால் பயிற்சி முழுவதும் அந்தக் கால் பங்குக்கு மட்டும் நடந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய 2013இலிருந்து 17 கல்வி நிறுவனங்களுக்கு நிதி கொடுத்து, மாணவர்களை வேறு வேலைகளுக்கும் பழக்கிப் பார்த்தார்கள். அந்தப் பழக்கம் பல இடங்களில் தங்கிவிட்டது. பாஸ்டனின் பலம் இது. மருந்து நிறுவனங்கள் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. மூன்றாம் வருட மாணவி கோடையில் அங்கே இன்டர்ன்ஷிப் போவது சகஜம்.

இந்தியாவில் அந்த ஏற்பாட்டை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். வாய்ப்பு இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தின் உயிரித்தொழில்நுட்ப மையமான ஜீனோம் வேலியும் பெங்களூர் நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. சொந்தமாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் பைராக் அமைப்பின் தொடக்க நிதி 50 லட்சம் வரை கிடைக்கும். இங்கேயே சுயமாக ஆராய்ச்சி செய்ய இந்திய அரசும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து தரும் இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப் இருக்கிறது. பிஎச்.டி. மூன்றாம் வருடத்திலேயே இவற்றை விசாரிக்கச் சொல்லும் கைடுகள்தான் குறைவு. புள்ளியியலும் பைத்தான் நிரலாக்கமும் கற்றுக்கொள் என்று அவளிடம் சொன்னேன். எந்த ஊருக்குப் போனாலும் அது வீண்போகாது.

இன்னொன்றும் சொன்னேன். இப்போது எடுக்கும் முடிவு வாழ்நாள் முழுவதற்குமானது இல்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் அமெரிக்காவில் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கிய கையோடு, உயிரியல் கற்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் மறுபடி மாணவராகப் போய் இரண்டு வருடம் உட்கார்ந்தார். அந்த உயிரியல்தான் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆராய்ச்சிக்கும், 2009இல் நோபலுக்கும் கொண்டுபோனது.

சரி, நான் என்ன சொன்னேன்? அவளுக்கு ஆர்வம் காசநோயிலோ, நம் ஊர் நோயாளிகளை நேரில் பார்த்துச் செய்யும் வேறு வேலையிலோ இருந்தால், ஜே.ஆர்.எஃப்.போடு இங்கேயே இருப்பதுதான் முதல் தேர்வு. தன் பெயரில் பணம், கைக்கெட்டும் தூரத்தில் கேள்வி. ஆனால் நல்ல கமிட்டி உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. எந்தத் துறை என்றே இன்னும் தெரியவில்லை, அடிப்படை உயிரியலில் எதுவானாலும் சரி என்றால், ஐந்து வருடப் பணத்துக்கு எழுத்தில் உறுதி தரும் அமெரிக்கத் திட்டம். ரொட்டேஷன் அப்படிப்பட்டவர்களுக்காகவே இருப்பது. எந்தக் கேள்வி என்று தெளிவாகத் தெரியும், லேப் வேலை கைப்பழக்கம், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றால், கட்டமைப்புள்ள பள்ளி வழியாக ஜெர்மனி. இது மூன்றும் பிடிபடவில்லை என்றால் ஒரு வருடம் எங்காவது புராஜெக்ட் அசோசியேட்டாக இருந்துவிட்டு முடிவெடுப்பதில் ஒரு குறையும் இல்லை. "ஒரு வருஷம் வீணா?" என்று அண்ணி கேட்பார், பிடிக்காத லேபில் போகும் ஐந்து வருடத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியது என் வேலை.

அவள் யோசித்துவிட்டு, "எனக்குக் கேன்சர்ல டி செல் பண்ணணும் அத்தை, அது மட்டும் தெரியும்" என்றாள். நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகைதான் டி செல். நல்ல பதில். அப்படியென்றால் மூன்று ஊரும் ஓட்டத்தில் இருக்கின்றன. அதனால் ஒரு வேலை கொடுத்தேன். அவள் கண் வைத்திருக்கும் லேப் ஒவ்வொன்றிலும் கடைசியாக வெளியே வந்த மாணவர்களைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். முடித்தவர்களுக்கு மட்டுமல்ல, பாதியில் போனவர்களுக்கும். எத்தனை வருடம் ஆனது, முதல் பேப்பரில் யார் பெயர் முன்னால் வந்தது, கைடு ஊரில் இல்லாத மாதங்களில் யாரிடம் போய்க் கேட்டீர்கள், பணம் எப்போதாவது நின்றதா, இப்போது என்ன வேலை. பேராசிரியரின் வலைப்பக்கத்தில் பாதியில் போனவர்களின் பெயர் இருக்காது. பழைய பேப்பர்களின் ஆசிரியர் பட்டியலில் இருக்கும்.

பதினொரு பேருக்கு மெயில் அனுப்பியிருக்கிறாள். ஆறு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். ஹைடல்பெர்க் லேபில் இரண்டாம் வருடம் விலகிய ஒருவர், எழுத்தில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று நம்பர் கொடுத்திருக்கிறார். பெங்களூர் நேர்முகம் அடுத்த வாரம். பாஸ்டனுக்கு ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும்.